உலகச் சந்தையில் என் மச்சினனின் மக்ரூன்

1

டிசம்பர் பிறந்ததும் நெதர்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் சாக்லேட்டில் வார்த்த எழுத்தைப் பரிசாகக் கொடுத்துக்கொள்வார்கள். அவரவர் பெயரின் முதல் எழுத்து. நான் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து ஆண்டு ஆனதை முன்னிட்டு இந்த முறை அலுவலகத்தில் எனக்குக் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே வாங்கியிருந்தார்கள். நாடாவை அவிழ்த்துப் பார்த்தால் எஸ். என் பெயர் வில்பிரட். எஸ் என்பது சூசை, என் அப்பா. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் அப்பா பெயரைப் போட்டதன் பலன், இந்த நாட்டில் நான் திருவாளர் சூசை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் அப்பாவுக்காகத் தட்டினேன்.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவராக இருந்தார். நான் மிட்டாய் எண்ணுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலகத்தின் இனிப்புச் சந்தையை அளந்து, அறிக்கையாக்கி, பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. அதிலும் நான் வகை பிரிப்பவன். சாக்லேட் பூசிய பிஸ்கட், சாக்லேட்டா பிஸ்கட்டா? இருமலுக்குச் சப்பும் வில்லை, மிட்டாயா மருந்தா? சர்க்கரையே இல்லாத மிட்டாயைச் சர்க்கரை மிட்டாய்ப் பிரிவில் வைக்கலாமா? (வைக்கலாம். ஏன் என்று கேட்காதீர்கள்.) இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லித்தான் வீட்டுக்கடன் கட்டுகிறேன்.

உலக மிட்டாய்ச் சந்தை எவ்வளவு பெரிது என்று யாராவது கேட்டால், முதலில் கேட்பவர் யார் என்று பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். இருநூறு பில்லியன் டாலருக்கு மேல் என்று பொதுவாகச் சொல்லி வைப்போம். ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. பிஸ்கட்டையும் கேக்கையும் உள்ளே விட்டால் தொகை வீங்கும். வெளியே தள்ளினால் வற்றும். உள்ளே என்ன இருக்கிறது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை. பாதிக்கு மேல் சாக்லேட். அடுத்தது சர்க்கரை மிட்டாய்: கடித்தால் பல்லை உடைப்பது, பல்லில் ஒட்டுவது, ஜெல்லி, புதினா எல்லாம் சேர்த்து. கடைசியில் சூயிங்கம். கைப்பேசி வந்த பிறகு கடையில் வரிசையில் நிற்பவர்கள் திரையைப் பார்க்கிறார்களே தவிர, பக்கத்தில் தொங்கும் சூயிங்கத்தைப் பார்ப்பதில்லை என்று எங்கள் ஆட்கள் வருத்தப்படுவார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் தின்று களைத்துவிட்டன, இனி ஆசியாதான் என்று வருடா வருடம் எழுதுகிறோம். கொக்கோ விலை ஏறியதிலிருந்து சாக்லேட் கட்டிகள் இளைத்துக்கொண்டு வருகின்றன. அதை 'அளவு சீரமைப்பு' என்று எழுதுகிறோம்.

ஊரில் எடைபோட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் இனிப்பு எதுவும் இந்தக் கணக்கில் கிடையாது. உறையும் பார்கோடும் இல்லாத மிட்டாய் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

2

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி கிங்ஸ்லி தூத்துக்குடியில் பேக்கரி வைத்திருக்கிறான். ரொட்டி, பன் எல்லாம் உண்டு; ஆனால் கடைக்குச் சோறு போடுவது மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் உலர விடுவது. வாயில் போட்டால் பல்லுக்கு வேலை வைக்காமல் கரையும். கையில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பொடியாகும்.

போன வருடம் மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, அவன் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஓசி மக்ரூன் தின்றுகொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவன், வேட்டி கட்டியிருக்கிறான், பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. இந்த நிலையில் எந்த மனிதனும் அடக்கமாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"அத்தான், ஒலகத்துல மொத்தமா முட்டாய் யாவாரம் எம்புட்டு நடக்கும்?" என்று கேட்டான் கிங்ஸ்லி.

"ரூவாயில சொன்னா பதினஞ்சு லட்சம் கோடிக்கு மேலலே."

முட்டை அடிக்கும் இயந்திரத்தை அவன் நிறுத்திவிட்டான். கடைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

"அதுல நூத்துல ஒண்ணு வேண்டாம்லே, ஆயிரத்துல ஒண்ணு வேண்டாம். லட்சத்துல ஒண்ணு உனக்கு வந்தா என்னாச்சு? பதினஞ்சு கோடி! இங்கன ஒக்காந்து பன்னு வித்துக்கிட்டு இருக்கே."

சந்தை பெரிது என்பதற்காக அதில் ஒரு துணுக்கு தானாக உதிர்ந்து நம் மடியில் விழாது. தொழிலுக்கு வரும் புதியவர்கள் செய்யும் முதல் தவறு இது என்று அலுவலகத்தில் வகுப்பே எடுத்திருக்கிறேன். அந்த வகுப்பெல்லாம் கால்சட்டை போட்டிருக்கும்போது மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும் போலிருக்கிறது.

"அப்போ நம்ம மக்ரூன் அதுல எந்தப் பிரிவு அத்தான்?"

யோசித்தேன். சாக்லேட் இல்லை. பிஸ்கட் இல்லை, மாவு கிடையாது. மிட்டாயும் இல்லை.

"மற்றவை."

"மத்தவையா?"

"அதுலயும் நல்ல வளர்ச்சி இருக்குலே," என்றேன்.

நாங்கள் திரும்பி வந்து குளிருக்கு இரண்டாவது கம்பளி எடுக்கும் நேரத்தில் ஸ்டெல்லா தொலைபேசியை வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். "கிங்ஸ்லிகிட்ட என்னங்க சொன்னிய? மாப்பிள்ளையூரணியில ஒரு கொட்டகையைப் பிடிச்சு, வெள்ளையடிச்சு, எக்ஸ்போர்ட்டுன்னு போர்டும் எழுதிட்டான். வசந்த காலத்துல பெல்ஜியத்துல ஏதோ முட்டாய் கண்காட்சியாம். அதுல கடை போட வாரானாம். அத்தான் எல்லாம் பாத்துக்கிடுவாவன்னு சொல்லுதான்."

3

விசாவுக்கு நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மகள் மெரினைக் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகம் போனேன். அவளுக்குப் பதினாறு வயது. என் டச்சு எங்கே தடுக்கி விழும் என்று அந்தப் பாஷையிலேயே வளர்ந்த அவளுக்குத்தான் தெரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையானவர். "உங்கள் குடும்பப் பெயர் சூசை. மனைவியின் குடும்பப் பெயர் வில்பிரட், அதாவது உங்கள் சொந்தப் பெயர். வரப்போகிறவர் அவருடைய உடன்பிறந்த தம்பி, ஆனால் அவர் குடும்பப் பெயர் மிக்கேல். இது யார்?"

"என் மாமனார்."

"அவர் இதில் எங்கே வருகிறார்?"

அதை விளக்கத் தொடங்கினேன். டச்சில் மைத்துனனுக்கு 'ஸ்வாகர்' என்று பெயர். பதற்றத்தில் நடுவே ஒரு மெய்யெழுத்து கூடுதலாக விழுந்து 'ஸ்வாங்கர்' ஆகிவிட்டது. அதற்குக் கர்ப்பம் என்று பொருள். அதாவது, கிங்ஸ்லி மிக்கேல் என்னும் இந்த மனிதர் என்னுடைய கர்ப்பிணி, அவரைப் பராமரிக்கும் பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று அரசாங்கத்திடம் உறுதி சொன்னேன். மெரின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

கிங்ஸ்லி வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்துக்கு வெளியே காத்திருந்த எனக்கு உள்ளிருந்து அழைப்பு வந்தது.

"அத்தான், சுங்கத்துல நிப்பாட்டி வச்சிருக்காவ. பெட்டியப் பாத்துட்டு, மிருகத்துல செஞ்சதான்னு கேக்காவ."

"இல்லைன்னு சொல்லுலே."

"சொன்னேன். முட்டை போட்டிருக்கான்னாவ. ஆமான்னேன். அப்போ மிருகப் பொருள்தான்ங்காவ. வியாபாரத்துக்குன்னா அதுக்குச் சான்றிதழ் வேணுமாம்."

அவர்கள் சொன்னது சரி. ஐரோப்பாவுக்குள் வியாபாரத்துக்காக முட்டை கலந்த பொருளைக் கொண்டுவர ஆயிரம் விதி உண்டு. தகர டப்பாக்களில் பஞ்சு வைத்து, ஒன்றுகூட உடையாமல் கடல் தாண்டி வந்த மக்ரூன்களை அவர்கள் மரியாதையாக வாங்கி, மரியாதையாக அழித்துவிட்டார்கள். கிங்ஸ்லி காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். "ஒண்ணு வாயில போட்டுப் பாருங்கன்னு அந்த ஆபீசர்ட்ட சொன்னேன் அத்தான். ரொம்ப நல்ல மனுசன். மாட்டேனுட்டாரு."

வீட்டில் ஸ்டெல்லா தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள். "பதினஞ்சு வருசமா முட்டாயோட குடும்பம் நடத்துதிய. முட்டை வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"அது என் பிரிவு இல்லளா," என்றேன்.

அந்தப் பதில் இந்த வீட்டில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. குப்பையை யார் எடுத்து வைப்பது என்று கேட்டால் மூவரும் அதைத்தான் சொல்கிறோம்.

4

கண்காட்சிக்கு முன்னால் ஒரு சனியும் ஞாயிறும் இருந்தன. "இங்கனயே செஞ்சிருவோம்" என்றான் கிங்ஸ்லி. முட்டையும் முந்திரியும் வாங்கி வந்தோம். எங்கள் சமையலறை, அவன் கடையில் மாவு மூட்டை அடுக்கும் மூலை அளவுக்கு இருக்கும்.

முதல் தட்டு பழுப்பேறிச் சப்பட்டையாக வந்தது. இரண்டாவது, வெளியே கல்லாகவும் உள்ளே பசையாகவும் இருந்தது. மூன்றாவது தட்டில் புகை கண்டறியும் கருவி கத்தி, எதிர் வீட்டு அம்மா வந்து எல்லாரும் உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போனார். கிங்ஸ்லி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "விறகடுப்புன்னா கைய உள்ள நீட்டுனா எனக்குத் தெரிஞ்சிரும். இந்த கரண்டு அடுப்பு நம்பரைக் காட்டுது, ஆனா பொய் சொல்லுது."

இங்கே மெரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வயதுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். சண்டை கூட அப்படித்தான் நடக்கும், ஆளுக்கொரு பாஷையில். தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன். அங்கே அவள் கற்றுக்கொண்டது பின்வாசல் எங்கே இருக்கிறது என்பதை. கிங்ஸ்லிக்கோ டச்சு தெரியாது. ஆங்கிலம் விமான நிலையத்தோடு தீர்ந்துவிட்டது. அவனிடம் பேச வேண்டுமானால் தமிழ் ஒன்றுதான் வழி.

அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாமா, முட்டை வெள்ளை நல்லா இருக்கு. காத்து தப்பு," என்றாள்.

"காத்தா?"

"உள்ள ஃபேன் ஓடுது. அதை நிப்பாட்டணும். கதவு..." வார்த்தை கிடைக்காமல், ஒரு மரக்கரண்டியை எடுத்து அடுப்பின் கதவிடுக்கில் செருகிக் காட்டினாள். "ஈரம் வெளிய போகணும்." இணையத்தில் பிரெஞ்சுக்காரர்களின் இனிப்பு வீடியோக்களை அவள் மணிக்கணக்கில் பார்ப்பது எனக்குத் தெரியும். அதையும் நான் நேரவிரயம் என்ற பிரிவில் போட்டிருந்தேன்.

"ஏளா, ஒனக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டான் கிங்ஸ்லி. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் அந்த 'ஏளா'வைக் கேட்டு அவள் சிரித்தாள். நான் எத்தனையோ முறை அப்படிக் கூப்பிட்டு முறைப்பைத்தான் வாங்கியிருக்கிறேன்.

கரண்டி செருகிய பிறகும் ஒரு தட்டு வீணானது. சூடு குறைக்க வேண்டும் என்றாள் அவள். சர்க்கரை மாற்ற வேண்டும் என்றான் அவன். இரண்டையும் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து அடுப்புக் கதவைத் திறந்தபோது, தட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று கூம்புகள் நின்றன. கிங்ஸ்லி ஒன்றை வாயில் போட்டான். கண்ணை மூடினான். "கடையில போட்டா விலை போவும்," என்றான். மெரின் அதற்குள் அடுத்த முட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டை எடுத்துக் குப்பையில் போடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

5

கண்காட்சியில் பெரிய நிறுவனங்களுக்கு அரண்மனை போலக் கூடங்கள். எங்களுக்குக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மேசை. ஒருவிதத்தில் அது நல்ல இடம், எல்லாரும் எப்படியும் வருவார்கள்.

நான் கோட்டுப் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றேன். ஒரு பல்பொருள் அங்காடிக் குழுமத்துக்குச் சரக்கு வாங்கும் அம்மா வந்து நின்று, ஒரு மக்ரூனை வாயில் போட்டார். அப்படியே இன்னொன்றை எடுத்தார். பிறகு மூன்றாவதை. கிங்ஸ்லி என் முழங்கையைக் கிள்ளினான்.

"இது எந்த வகையில் வரும்?" என்று கேட்டார் அவர்.

பதினைந்து ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். பேசினேன். மாவு இல்லாததால் பேக்கரிப் பிரிவில் வைப்பதில் உள்ள சிக்கல், சர்க்கரை மிட்டாய் என்பதன் வரையறை, கொட்டை கலந்த பண்டங்களின் துணைப் பிரிவுகள் என்று வரிசையாகப் பேசினேன். அவர் கண்கள் மெல்லக் கழிப்பறைப் பக்கம் போயின. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், எத்தனை நாள் கெடாது, லாரியில் போனால் உடையுமா, முட்டைக்கு ஐரோப்பிய அங்கீகாரம் உள்ள தொழிற்சாலையா என்று கேட்டார். மூன்றுக்கும் எங்கள் பதில் தப்பான பதில். "மிகவும் ருசியாக இருக்கிறது," என்று சொல்லி, நான்காவதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க அதே கதைதான். வருவார்கள், தின்பார்கள், புகழ்வார்கள், போவார்கள். பக்கத்து மேசை டச்சுக்காரர் பதிலுக்கு அவருடைய கறுப்பு மிட்டாயைக் கிங்ஸ்லிக்குக் கொடுத்தார். அதிமதுரத்தில் நவச்சாரம் போட்டுச் செய்வது. இந்த நாட்டில் பிள்ளைகள் கூடச் சப்புவார்கள். கிங்ஸ்லி முகம் போன போக்கைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். "அத்தான், இது ஈயம் பூசுறவன் வச்சிருக்கிற நவச்சாரமில்லா? இதை முட்டாய்னு உங்க கணக்குல சேத்திருக்கியளா?" சேர்த்திருக்கிறோம். சர்க்கரை மிட்டாய், துணைப்பிரிவு நான்கு.

மதியத்துக்கு மேல் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளையூரணியில் வெள்ளையடித்த கொட்டகையும், எக்ஸ்போர்ட் என்று எழுதிய போர்டும் கண் முன்னால் வந்து நின்றன. மாடியில் சந்தை நிலவரம் பற்றி ஓர் உரை இருந்தது. ஏதாவது வழி கிடைக்கும் என்று மேசையை மெரினிடம் விட்டுவிட்டு அங்கே போனேன். சத்தியமாக அதுதான் காரணம். உள்ளே நல்ல நாற்காலியும் இருந்தது. பேசியவர் திரையில் ஒரு வட்டத்தைக் கூறு போட்டுக் காட்டினார். பெரிய கூறு சாக்லேட். நூல் போல ஒரு கூறு, மற்றவை. அது எங்கள் அலுவலகத்து வட்டம். நூலை வெட்டியவன் நான்.

நான் சொந்தக் கணக்கையே உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கீழே வந்தபோது எங்கள் மேசையில் ஆள் இல்லை. தேடினேன். நாலைந்து மேசை தள்ளி, கிங்ஸ்லியும் மெரினும் ஒரு வயதான பெல்ஜிய அம்மாவின் முன்னால் நின்றிருந்தார்கள். சர்க்கரை பூசிய பாதாம்பருப்பு விற்பவர் அவர். அந்த ஊரில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால், வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இனிப்பைச் சின்னப் பெட்டியில் போட்டு, குழந்தையின் பெயர் எழுதிக் கொடுப்பது வழக்கம். மேசை முழுக்க விரல் நீளப் பெட்டிகள், துணிப் பைகள், நாடாக்கள். அவர் சொல்வதை மெரின் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். ஞானஸ்நானம் என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை. "பேபி தலையில சாமியார் தண்ணி ஊத்துவாங்கல்ல மாமா, அது," என்றாள். கிங்ஸ்லிக்கு நன்றாகவே புரிந்தது.

"பெட்டி எதுல செய்தீங்கன்னு கேளுளா. அட்டையா? உள்ள எத்தன வைப்பாங்க? ரெண்டு மாசம் முந்தியே சொல்லிவைக்கணுமான்னு கேளு."

திரும்பி வரும் ரயிலில் என்னால் பொறுக்க முடியவில்லை. "எலே, அந்தக் கொட்டகைய என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

கிங்ஸ்லி மடியில் அந்த அம்மா கொடுத்த காலிப் பெட்டி ஒன்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். "அத்தான், நம்ம மக்ரூன் ஒடையும். தூரம் போவாது. ஆனா கோயில்லருந்து வீடு வரைக்கும் போவும்லா? ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம். பெட்டிக்கு ரெண்டு மக்ரூன், மேல பிள்ளை பேரு." பிறகு என்னைத் தேற்றுவது போல என் தொடையைத் தட்டினான். "ஒலகத்துல பங்கு கெடைக்கலன்னா போவுது. நம்ம பங்குல வருசத்துக்கு எத்தன பிள்ளைக்குத் தண்ணி ஊத்துதாவ தெரியுமா?"

எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் எல்லாரையும் சேர்த்துப் பங்கு என்போம். சந்தைப் பங்கு, சந்தைப் பங்கு என்று எத்தனையோ அறிக்கை எழுதிய எனக்கு அந்தச் சொல்லுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது ரயிலில்தான் உறைத்தது.

6

கிங்ஸ்லி போய் எட்டு மாதம் ஆகிறது. கொட்டகையில் எக்ஸ்போர்ட் போர்டை அழித்துவிட்டான். அங்கே இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து பெட்டி மடிக்கிறார்கள், நாடா கட்டுகிறார்கள். முதலில் அவன் பங்கில் ஒரு ஞானஸ்நானம். பிறகு அடுத்த கோயில்காரர்கள் கேட்டார்கள். ஆற்றோரத்து ஊர்களிலிருந்து காதுகுத்துக்குக் கேட்டு வந்தார்கள். எட்டயபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குக் காரில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தானாம், ஒன்றுகூட உடையவில்லையாம். இதில் என் பங்களிப்பு என்ன என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "நீங்க அந்த நேரத்துல மாடிக்குப் போனிய பாருங்க, அதுதான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிங்ஸ்லி கூப்பிடுகிறான். முன்பு என்னைக் கூப்பிடுவான். இப்போது மெரினை. பெட்டி மேல் என்ன நிறத்தில் நாடா கட்டலாம், அடுப்புக்கு ஈரமானி வாங்கலாமா என்று இருவரும் அரைமணி நேரம் பேசுகிறார்கள். அவள் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலோரத்துக்குப் போய்விட்டது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த தமிழ் இல்லை, என் இன்றைய தமிழும் இல்லை. ஊரில் பேசி வளர்ந்து, நானே வெளிநாட்டில் மழுங்க விட்ட தமிழ்.

போன ஞாயிறு நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் கேட்டது. "ஜூலையில லீவு விட்டதும் வாரேன் மாமா. ஆறு வாரம். கொட்டகையிலயே நிக்கேன். அம்மாட்ட சொல்லிட்டேன்."

என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் ஊருக்கு வருவது என்றால், வருடா வருடம் நான்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப் போவேன். வெயில், கொசு, நெட் இல்லை என்று மூன்றாம் நாளே திரும்பும் தேதியைக் கேட்பாள். அறை வாசலில் போய் நின்றேன்.

"நானும் லீவு போடுதேன்," என்றேன். "சேர்ந்தே போவோம்."

அவள் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. வயதானவர்களுக்குப் பேருந்தில் இடம் கொடுக்கும்போது பார்ப்பார்களே, அப்படி.

"நீங்க அங்கன வந்து என்னப்பா செய்யப் போறிய?"

நியாயமான கேள்வி. யோசித்தேன்.

"முட்டை உடைச்சுத் தரட்டுமா?"

மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் பதில் வரவில்லை.